நெஞ்சுக்கறியா, தொடைக்கறியா? ஒரே சட்டியில் போட்டால் ஏதாவது ஒன்று கெடுகிறதே!

பசித்தவன் கேட்டது:

வீட்டில் நாலு பேர், நாலு ருசி. ஒருவருக்கு எலும்பே ஆகாது, நெஞ்சுக்கறி மட்டும்தான். இரண்டு பேருக்கு லெக் பீஸ். இன்னொருவர் இறக்கையும் தோலும் தவிர வேறெதையும் தொடமாட்டார். முழுக்கோழியை வெட்டி எல்லாத் துண்டையும் ஒன்றாகப் போட்டு வேகவைத்தால், தொடை பதமாவதற்குள் நெஞ்சு நார்நாராகப் போய்விடுகிறது. நெஞ்சுக்கு ஏற்றபடி இறக்கினால் தொடையில் எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பாக நிற்கிறது. இந்த விருப்பமெல்லாம் வெறும் பழக்கம்தானா, இல்லை கறியே வேறுவேறா? எந்தத் துண்டை எப்படிச் சமைக்க வேண்டும்? ஒரே சட்டியில் எல்லாரையும் திருப்திப்படுத்த வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் அளவோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

உப்புத்தராசு எழுதியது:

பழக்கமும் உண்டு. ஆனால் கறி நிஜமாகவே வேறுதான். கோழி நாள் முழுக்க நிற்கிறது, நடக்கிறது, கிளறுகிறது. பறப்பது எப்போதாவது, அதுவும் சில நொடிகள். ஓயாமல் உழைக்கும் கால் தசைக்கு ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபின் நிறைய வேண்டும். தொடைக்கறியின் கருஞ்சிவப்பு அதனால்தான். கூடவே கொழுப்பும், தசையைப் பிணைத்து வைக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதமும் அதிகம். நெஞ்சுத் தசை ஒரு வீச்சு வீசிவிட்டு ஓய்வெடுப்பது. அதில் மயோகுளோபினும் குறைவு, கொழுப்பும் குறைவு, கொலாஜனும் குறைவு.

தோல் நீக்கிய பச்சைக்கறி 100 கிராமில் நெஞ்சுக்குக் கொழுப்பு சுமார் 2.5 கிராம், தொடைக்குச் சுமார் 4 கிராம். புரதம் நெஞ்சில் 22, 23 கிராம். தொடையில் 19, 20 கிராம். தொடை என்றாலே கொழுப்பு என்று பயப்படுகிறவர்கள் பெரும்பாலும் தோலையும் சேர்த்தே கணக்குப் போடுகிறார்கள். தோலை எடுத்துவிட்டால் வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை.

உங்கள் சட்டியில் நடப்பது இதுதான். நெஞ்சுக்கறியின் நடுப்பகுதி 65 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் தசைப் புரதம் இறுக ஆரம்பித்து, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளுகிறது. 80-ஐத் தொட்டால் மிச்சம் நார்தான். தொடைக்கறியில் வெளியேறும் நீரைக் கொழுப்பும், உருகி ஜெலட்டினாகும் கொலாஜனும் ஈடுகட்டுகின்றன. அந்தக் கொலாஜன் 70-க்கு மேல்தான் சுறுசுறுப்பாக உருகும். கோழிக்கறி எதுவானாலும் நடுப்பகுதி 74 டிகிரிக்கு வரவேண்டும் என்பது பாதுகாப்புக்கான விதி. நெஞ்சை 74-ல் நிறுத்த வேண்டும். தொடையை 74-ல் நிறுத்தவே கூடாது, 80 முதல் 85 வரை போகவிட வேண்டும். 74-ல் இறக்கிய தொடை பாதுகாப்பாகத்தான் இருக்கும், ஆனால் ரப்பர் மாதிரி கடிபடும். "தொடைக்கறி பிடிக்காது" என்கிறவர்களில் பலர் சாப்பிட்டது அதைத்தான்.

எலும்போரச் சிவப்புக்கு வருகிறேன். அது வேகாததன் அடையாளமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இளங்கோழியின் எலும்பு முழுதாகக் கெட்டிப்பட்டிருக்காது. மஜ்ஜையின் நிறம் எலும்பு வழியே கசிந்து பக்கத்துக் கறியில் ஏறும், உறையவைத்த கோழியில் இன்னும் அதிகமாக. நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஊசிமுனைத் தெர்மாமீட்டரைக் கறியின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்திப் பாருங்கள். எலும்பைத் தொட்டால் எண் தப்பாகக் காட்டும்.

ஒரே சட்டியில் செய்ய வழி உண்டு. ஒரே நேரத்தில் போடக்கூடாது, அவ்வளவுதான்.

சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு கறிக்கு உப்புப் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு கிலோவுக்கு 10 முதல் 12 கிராம், அதாவது தூளுப்பு மட்டமாக இரண்டு தேக்கரண்டிக்குள். முதலில் வெளிவரும் நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு திரும்ப உள்ளே போக இந்த ஒரு மணி நேரம் தேவை. பத்து நிமிடத்தில் எடுத்து வாணலியில் போட்டால் அந்த நீரெல்லாம் வாணலியில் நின்று, கறி வதங்காமல் அவிந்துவிடும். சட்டியில் சேர்க்கும் உப்பை இதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். பலர் தவறவிடும் இடம் இது.

பிறகு எலும்புள்ள தொடை, கால், முதுகுத் துண்டுகளை முதலில் போட்டு, மூடி, மெல்லக் கொதிக்கும் தீயில் 25 முதல் 30 நிமிடம். நெஞ்சை 3 செ.மீ. துண்டுகளாக வெட்டித் தனியே வைத்திருந்து, கடைசி 8 நிமிடத்தில் சேருங்கள். சேர்த்தபின் தளதளவென்று கொதிக்கவிடக்கூடாது. ஓரத்தில் சின்னக் குமிழி வந்தால் போதும். அடுப்பை அணைத்து மூடி 5 நிமிடம் விடுங்கள், மிச்ச வேக்காடு அந்தச் சூட்டிலேயே முடிந்துவிடும். பிரஷர் குக்கரில் நெஞ்சுக்கறியைப் போடவே போடாதீர்கள். உள்ளே 115 டிகிரிக்கு மேல் போகும், அதைப் பாதியில் நிறுத்த வழியில்லை.

கறிக்கத்தி எழுதியது:

உப்புத்தராசு அண்ணன் சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். நெஞ்சு காயறதுக்குச் சூடு ஒரு காரணம்னா, வடிவம் இன்னொரு காரணம். ஒரு முனை நாலு செ.மீ. தடிமன், மறுமுனை ஒரு செ.மீ.கூட இருக்காது. தடிச்ச முனை வேகறதுக்குள்ள மெல்லிசு முனை செத்துடும். முழு நெஞ்சா வாணலியில போடறவங்க, தடிச்ச பக்கத்தைக் குறுக்கால கீறிப் புத்தகம் மாதிரி விரிச்சு, மேல பிளாஸ்டிக் தாள் போட்டு உருட்டுக்கட்டையால லேசாத் தட்டி எல்லா இடமும் 2 செ.மீ.க்குக் கொண்டாங்க. அப்புறம் மிதமான தீக்குக் கொஞ்சம் மேல, ஒரு பக்கம் 5 நிமிஷம், மறுபக்கம் 3, 4 நிமிஷம். 71 காட்டும்போதே எடுத்துத் தட்டில் வெச்சு மூடிடுங்க, அந்த 74 தானா வந்துடும். வராட்டி திரும்ப ஒரு நிமிஷம் வாணலியில வைங்க.

நறுக்கும்போது நார் எந்தத் திசையில ஓடுதுன்னு பார்த்து, அதுக்குக் குறுக்கே வெட்டணும். நார் போற வாக்குலேயே வெட்டினா, எவ்வளவு பதமா வெந்திருந்தாலும் நீளநீளமா வாயில சிக்கும். நெஞ்சுல நார் நேரா ஓடாது, சாய்வா ஓடும். பச்சையா இருக்கும்போதே கவனிச்சு வெச்சுக்கணும். வெந்தபிறகு கண்டுபிடிக்கறது கஷ்டம்.

நெஞ்சுக்கு அடியில விரல் தடிமன்ல தனியா ஒரு துண்டு ஒட்டியிருக்கும். கோழியிலேயே ரொம்ப மெதுவான கறி அதுதான். ஆனா நடுவுல வெள்ளையா ஒரு நரம்பு ஓடும், அதை எடுக்காட்டி சுருண்டுக்கும். நரம்போட நுனியை முள்கரண்டிப் பல்லுக்கு நடுவுல விட்டு, துணியால நுனியைப் பிடிச்சு இழுத்தா, கறி இந்தப் பக்கம் நிக்கும், நரம்பு அந்தப் பக்கம் வந்துடும்.

வாங்கும்போது பெரிய நெஞ்சைப் பார்த்து மயங்காதீங்க. வேகமா வளர்த்த பெரிய கோழிகள்ல நெஞ்சு மரக்கட்டை மாதிரி விறைச்சிருக்கும் ஒரு கோளாறு உண்டு. விரலால அமுக்கினா அமுங்காது, மேல்பக்கம் முகடு மாதிரி புடைச்சு வெளிறியிருக்கும். நார் ஓடற திசையில வெள்ளைக் கோடுகள் தெரிஞ்சா அதுவும் அதே ஜாதிக் கோளாறுதான். தின்னா கெடுதல் இல்ல, ஆனா எத்தனை ஊறவெச்சாலும் நறநறன்னு இருக்கும். ஒரு பக்க நெஞ்சு 200, 250 கிராமுக்குள்ள இருந்தா அந்தத் தொல்லை குறைவு. மாட்டிக்கிட்டா கொத்துக்கறியா அரைச்சிடுங்க.

பசித்தவன் எழுதியது:

நன்றி. கால் துண்டிலும் ஒரு சிக்கல். தயிர், எலுமிச்சை போட்டு இரவு முழுக்க ஊறவைத்தாலும் எலும்போரத்தில் உப்பு ஏறுவதில்லை. நெஞ்சையும் அதே கலவையில் ஊறவைத்தால் மேல்பக்கம் மாவு மாதிரி ஆகிறது.

கறிக்கத்தி எழுதியது:

காலுக்கு எலும்பு தொடறவரைக்கும் மூணு கீறல் போடுங்க, உப்பு அங்கே போயிடும். அதோட, கணுக்காலுக்கு மேல ஒரு அங்குலத்துல கத்தியைச் சுத்தி விட்டு, தோலையும் நரம்பையும் எலும்பு வரைக்கும் அறுத்துடுங்க. அங்கே ஏழெட்டு நரம்பு எலும்பைப் பிடிச்சுக்கிட்டிருக்கும். அறுக்காட்டி வெந்தபிறகும் கறிக்குள்ள குச்சிகுச்சியா நிக்கும். அறுத்தா கறி மேல சுருங்கி ஏறிக்கும், கடிக்கவும் சுலபம். இன்னொண்ணு: கால் எலும்போட ஒட்டி ஊசி மாதிரி மெல்லிசா ஒரு எலும்பு உண்டு. குழந்தைக்குக் கொடுக்கும்போது அதை முதல்ல உருவிடணும்.

மாவு ஆகறது எலுமிச்சையால. நெஞ்சுக்கு எலுமிச்சையோ வினிகரோ அரை மணிக்கு மேல வேண்டாம். புளிப்பு மேல்பக்கப் புரதத்தை இறுக்கி வெளுக்க வெச்சிடும், உள்ளே போகவும் போகாது. தயிர் அவ்வளவு கடுமை இல்ல, நாலஞ்சு மணி நேரம் தாங்கும். பப்பாளிக்காய் அரைச்சுப் போடறவங்க இளங்கோழிக்குப் போடவே தேவையில்லை. பப்பாளிக்காய்ல புரதத்தை உடைக்கற நொதி இருக்கு, அது அடுப்புல சூடு ஏறும்போதும் கொஞ்ச நேரம் வேலை செய்யும், நெஞ்சு கூழாப் போயிடும்.

தோல்ரசிகை எழுதியது:

நெஞ்சுக்கும் தொடைக்கும் பட்டிமன்றம் நடத்துகிறீர்கள், இறக்கையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. கோழியில் தோலுக்கும் கறிக்கும் சரியான விகிதம் உள்ள துண்டு இறக்கைதான். உங்கள் வீட்டில் அந்த நாலாவது நபருக்குத்தான் விஷயம் தெரிந்திருக்கிறது.

இறக்கை மூன்று கண்ணி. தோளை ஒட்டியது ஒற்றை எலும்பு, சின்ன லெக் பீஸ் போல இருக்கும், கறி அதிகம். நடுக்கண்ணி தட்டையாக இரண்டு எலும்போடு இருக்கும். தோல் அதிகம், எலும்பிடையில் ஒரு துண்டு கறி, ருசி இங்கேதான். நுனியில் கறி இல்லை, சூப்புக்குப் போடுங்கள். மூன்றையும் மூட்டில் பிரிக்க வெட்டுக்கத்தி தேவையில்லை. மடக்கிப் பார்த்து மூட்டின் பள்ளத்தில் சின்னக் கத்தியை விட்டால் எலும்பில் படாமல் இறங்கும்.

கிரேவியில் வேகும் தோல் வழவழவென்றுதான் இருக்கும், அதை மொறுமொறுப்பாக்க முடியாது. இறக்கையைத் தனியாகச் சுட்டு எடுங்கள். துணியால் ஈரம் போக ஒற்றி, ஒரு கிலோவுக்கு 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பும் தூவிப் புரட்டி, கம்பித் தட்டில் அடுக்கி, மூடாமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரவு முழுக்க விடுங்கள். குளிர்காற்றில் தோல் காகிதம் மாதிரி காயும். மறுநாள் அவனில் 220 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பல். பேக்கிங் பவுடர் தோலைக் கொஞ்சம் காரத்தன்மைக்கு மாற்றுகிறது, அதனால் சீக்கிரம் சிவக்கிறது. பேக்கிங் சோடாவைப் போட்டுவிடாதீர்கள், சோப்பு ருசி வரும். சாஸ் தடவுவதானால் இறக்குவதற்கு 3 நிமிடம் முன்பு. சர்க்கரை உள்ள சாஸை முதலிலேயே தடவினால் கறி வேகுமுன் தோல் கரிந்துவிடும்.

தோலோடு உள்ள தொடைக்கும் ஒரு வழி சொல்கிறேன். சூடான வாணலியில் போடாதீர்கள். குளிர்ந்த வாணலியில் தோல் அடியில் இருக்கும்படி வைத்து, பிறகு அடுப்பைப் பற்றவைத்து, மிதமான தீயில் 15 முதல் 18 நிமிடம் கைவைக்காமல் விடுங்கள். எண்ணெயே வேண்டாம், தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மெல்ல உருகி வெளியே வரும். சூடான வாணலியில் தோலின் வெளிப்பக்கம் உடனே இறுகி, கொழுப்பு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். தோல் வாணலியை விட்டுத் தானாகக் கழன்று வந்தால்தான் திருப்ப வேண்டும். மறுபக்கம் 8, 10 நிமிடம்.

உப்புத்தராசு எழுதியது:

இறக்கையில் கறியை விட எலும்பும் தோலும்தான் அதிகம். நாலு பேர் பசிக்கு அது காணாது. ருசியில் மறுப்பில்லை.

பசித்தவன் எழுதியது:

முழுக்கோழி வாங்கி வீட்டில் பிரிப்பது லாபமா, துண்டாகவே வாங்குவதா? வெட்டுக்கத்தியால் போட்டால் எலும்புச் சில்லு வருகிறது.

கறிக்கத்தி எழுதியது:

நாலு பேருக்கு நாலு துண்டு வேணும்னா முழுக்கோழிதான் சரி. ஒரே துண்டைத்தான் எல்லாரும் தின்பாங்கன்னா அதை மட்டும் வாங்குங்க. சில்லு வர்றது எலும்பைப் போட்டு வெட்டறதால. மூட்டுல பிரிச்சா ஒரு சில்லுகூட வராது.

கோழியை மல்லாக்க வைங்க. காலை வெளிப்பக்கமா இழுத்தா தொடைக்கும் உடம்புக்கும் நடுவுல தோல் விறைக்கும், அதைக் கீறுங்க. காலைப் பின்பக்கமா மடக்கினா இடுப்பு மூட்டு டக்குன்னு கழண்டு, உருண்டையா எலும்பு முனை வெளியே எட்டிப் பார்க்கும். அந்த இடைவெளியில கத்தி. இங்கே அவசரப்படாதீங்க. முதுகெலும்புப் பக்கம் இடுப்பெலும்புல ஒரு குழி இருக்கு, அதுல கட்டைவிரல் நுனி அளவு உருண்டைக் கறி உட்கார்ந்திருக்கும், பக்கத்துக்கு ஒண்ணு. கத்தி நுனியை எலும்போட ஒட்டி விட்டு அதையும் தொடையோடயே எடுத்துடணும். தொடை ருசி, நெஞ்சை விட மெது. பெரும்பாலும் முதுகோட போய் சூப்புல கரைஞ்சுடுது, பாவம்.

அப்புறம் தொடையையும் காலையும் பிரிக்கணும். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தா வெள்ளையா ஒரு கொழுப்புக் கோடு தெரியும். மூட்டு அதுக்கு நேர் கீழே, கத்தியை வெச்சு அழுத்தினா போதும். இறக்கையைத் தோள்ல மடக்கி அதே மாதிரி எடுங்க. கடைசியா நெஞ்சு: நடு எலும்போட ஒரு பக்கமா கத்தியை இறக்கி, எலும்புக்கூட்டை ஒட்டியே சின்னச்சின்னதா கீறிட்டே வந்தா முழுத்துண்டா கழண்டு வரும். கத்தி எலும்பைத் தேய்க்கற சத்தம் கேட்டா சரியான பாதையில போறீங்கன்னு அர்த்தம்.

வெட்டறதுக்கு முன்ன கோழியைக் குழாயடியில கழுவாதீங்க. தெறிக்கற தண்ணியோட கிருமி தொட்டியெல்லாம் பரவும். துணித்தாளால ஒற்றினா போதும். பலகை, கத்தி, கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் காய்கறியைத் தொடணும்.

சாறுகாரர் எழுதியது:

மிச்சமாகும் முதுகு, கழுத்து, இறக்கை நுனி, நெஞ்செலும்பு எல்லாம் என் கட்சி. உறையவைத்துச் சேர்த்து வையுங்கள். ஒரு கிலோ சேர்ந்ததும் ஒன்றரை லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் போட்டு மெல்லச் சூடாக்குங்கள். முதல் 15 நிமிடம் மேலே வரும் சாம்பல் நுரையை எடுங்கள். அதன்பின் குமிழி எப்போதாவது ஒன்று வரும் தீயில் 3 மணி நேரம். கொதிக்கவிட்டால் கொழுப்பு தண்ணீரோடு கலந்து கலங்கிப்போகும், பிறகு தெளியாது. கோழிப்பாதம் நாலு சேர்த்தால் ஆறியபின் கட்டியாக உறையும். உப்பு இப்போது போடாதீர்கள். பிறகு வற்றவைக்கும்போது கரிக்கும்.

நெஞ்சை இந்தச் சாற்றிலேயே வேகவைக்கலாம். உப்பிட்ட குளிர்ந்த சாற்றில் முழு நெஞ்சைப் போட்டு, ஓரத்தில் ஆவி எழும் வரை, சுமார் 75, 80 டிகிரிக்கு மெல்லக் கொண்டுபோய், அடுப்பை அணைத்து மூடி 15 முதல் 20 நிமிடம். தெர்மாமீட்டர் 74 காட்டாவிட்டால் திரும்பக் கொஞ்சம் சூடேற்றுங்கள். எலும்பு ஆகாது என்கிற உங்கள் வீட்டு ஆளுக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள். ஆறவைத்து, நாருக்குக் குறுக்கே மெல்லிசாக நறுக்கிக் குளிர்ச்சியாகவே சாப்பிடலாம். நெஞ்சை மறுபடி சூடாக்கினால்தான் காய்கிறது.

ஈரல்கட்சி எழுதியது:

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். ஈரலில் பச்சைக்கறை படிந்திருந்தால் அந்த இடத்தை வெட்டி எறியுங்கள். பித்தப்பை உடைந்து பட்டது அது, கசப்பு மொத்தச் சட்டிக்கும் ஏறும். ஈரம் போக ஒற்றிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் முகத்துக்குத் தெறிக்கும். நல்ல சூட்டில் பக்கத்துக்கு 3 நிமிடம் போதும், அதிகமானால் சுண்ணாம்புக்கட்டி. உள்ளே ரத்தம் கசியாமல் இருக்கவேண்டும், நடுப்பகுதிக்கும் அதே 74 தான். வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் கர்ப்பிணிகளுக்கு ஈரல் வேண்டாம்.

இரைப்பை இதற்கு நேர் எதிர். உள்ளே மஞ்சளாக, சுருக்கம் சுருக்கமாக ஒரு தோல் இருக்கும். அதை நகத்தால் கிளப்பினால் உரிந்து வரும், கட்டாயம் எடுக்கவேண்டும். பிறகு குக்கரில் 20, 25 நிமிடம் அல்லது சட்டியில் ஒன்றரை மணி நேரம். நீரை வடித்த பின்தான் வறுக்க வேண்டும். நேராக வறுத்தால் தாடை வலிக்கும்.

பசித்தவன் எழுதியது:

அப்படியானால் இப்படி: காலும் தொடையும் சட்டியில் முதலில், நெஞ்சு கடைசி 8 நிமிடம், இறக்கை தனியாக அவனில், முதுகும் கழுத்தும் உறைபெட்டியில். மீந்த கறி எத்தனை நாள் தாங்கும்?

உப்புத்தராசு எழுதியது:

சரிதான். சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் 3, 4 நாள். பச்சைக்கறி 1, 2 நாள்தான், அதற்குமேல் போவதானால் உறையவையுங்கள். துண்டுகளைப் பையில் ஒரே வரிசையாகத் தட்டையாகப் பரப்பி உறையவைத்தால் ஃபிரிட்ஜிலேயே ஒரு இரவில் இளகிவிடும். மறுநாளைக்குச் சூடாக்கிச் சாப்பிடும் எண்ணம் இருந்தால் நெஞ்சை அன்றே தீர்த்துவிட்டுத் தொடையை மிச்சம் வையுங்கள்.

தோல்ரசிகை எழுதியது:

இறக்கையை மிச்சம் வைக்கும் பேச்சே வேண்டாம். அவனிலிருந்து எடுத்த பத்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள், மூடி வைத்தால் ஆவியில் தோல் நமுத்துப்போகும்.